ஹோர்ட்டன் சமவெளி: மூடுபனி ஏறுவதற்கு முன் உலக முடிவைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனபோதுதான் முதன்முதலாக உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போனேன். பஸ் தாமதம், காலைச் சாப்பாடு தாமதம், எங்களை எண்ணி வரிசையில் நிறுத்துவதற்குள் இன்னும் தாமதம். விளிம்பில் போய் நின்றபோது மணி பதினொன்றரை. எதிரே வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதுபோல் மூடுபனி. கீழே பள்ளம் இருக்கிறதா, தரை இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த சேர் சிரிக்காமல் சொன்னார்: "பார்த்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே, உலகம் இத்தோடு முடிந்தது."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் பதினொரு மணிக்கு எதிரே வந்து, "ஏதாவது தெரியுதா?" என்று கேட்கும் ஆட்களைப் பார்க்கிறேன். இலங்கையின் மத்திய மலைநாட்டில் இருக்கும் இந்தத் தேசியப் பூங்காவை ரசிக்கப் பெரிய உடற்பயிற்சியோ பணமோ வேண்டாம். காலை எட்டரை மணிக்கு நீங்கள் பாறை விளிம்பில் நிற்க வேண்டும். அந்த எட்டரையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். இந்த வழிகாட்டியும் அப்படித்தான் போகிறது.

போகுமுன் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

கடல் மட்டத்திலிருந்து 2,100 முதல் 2,300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. பரப்பு 3,160 ஹெக்டேயர். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டார்கள். சிங்களத்தில் இதற்கு மகா எலிய என்று பழைய பெயர் உண்டு. 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010இல் சிவனொளிபாத மலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் இரண்டோடும் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏற்றியது.

சமவெளி என்ற பெயரை நம்பித் தட்டையான நிலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேடும் பள்ளமுமாகப் புல்வெளி, மேடுகளின் தலையில் குடை பிடித்தாற்போல் குட்டை மரக்காடு, பள்ளங்களில் குளிர்ந்த ஓடை. நீலகிரியின் சோலைக்காட்டையும் முக்கூர்த்திப் பக்கத்துப் புல்வெளியையும் பார்த்தவர்களுக்கு இது அக்காள் தங்கை மாதிரித் தெரியும். மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய ஆறுகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. மழை பெய்யாத நாளிலும் இந்தக் காட்டு மரங்கள் பாசி படிந்த கிளைகளால் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விடுகின்றன. நீங்கள் திட்டப்போகும் அதே மூடுபனிதான்.

முதல் படி: மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், மழை குறைவு. ஆனால் விடியற்காலைக் குளிர் எலும்பைப் பிடிக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை சில காலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆளைத் தள்ளும். அந்த மாதங்களிலும் தெளிந்த காலைகள் கிடைக்கலாம், ஆனால் அது அதிர்ஷ்டச் சீட்டு.

ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் 'சீசன்'. வெயில் நன்றாக இருக்கும், கூட்டமும் நன்றாக இருக்கும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை, சனி ஞாயிறு இரண்டும் சேர்ந்து வந்தால் நுழைவாயிலில் வான் (வேன்) வரிசையிலேயே உங்கள் எட்டரை மணி கரைந்துபோகும். செவ்வாய், புதன் மாதிரி வார நாளாகப் பார்த்துப் போங்கள்.

இரண்டாம் படி: எங்கே தங்குவது

பூங்காவுக்கு இரண்டு வாசல். ஒன்று பட்டிப்பொல பக்கம், மற்றது ஒஹிய பக்கம். இரண்டு பாதையும் உள்ளே 'ஃபார் இன்' என்ற பழைய கட்டடத்தருகே கூடுகின்றன. நடை தொடங்குவது அங்கேதான்.

பெரும்பாலோர் நுவரெலியாவில் தங்கி 32 கிலோமீட்டர் வான் பிடித்து வருகிறார்கள். ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை நாலரைக்கு வான் கிளம்பினால் சரியாக இருக்கும். ஐந்தரைக்குப் போகலாம் என்று வான்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அவர் உலக முடிவைப் பார்க்கப் போவதில்லை. ஹப்புத்தளையிலிருந்து வந்தால் ஒஹிய வழியாக ஏற வேண்டும். பாதை குறுகல், வளைவு அதிகம், காட்சி அழகு.

என்னைக் கேட்டால் ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ ஒரு சின்ன விடுதியில் தங்குவதுதான் புத்திசாலித்தனம். வசதி குறைவு, ராத்திரிக்கு இரண்டு கம்பளி வேண்டும், ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் நம் மலையகத் தமிழர்தான். கடையில், ஸ்டேஷனில், பாதையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். "இன்னிக்கு மேல வானம் எப்படி அண்ணே?" என்று முதல் நாள் மாலையே கேட்டுவையுங்கள். கைபேசியின் வானிலைச் செயலியைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

காட்டுக்குள்ளேயே தங்க விரும்பினால் வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களும் கூடார இடங்களும் இருக்கின்றன. வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். இரவுக் குளிரைத் தாங்கும் தூக்கப்பை இல்லாமல் கூடாரத்தில் படுக்கும் யோசனை வேண்டாம்.

மூன்றாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 13 பாகை செல்சியஸ்தான். ஆனாலும் ஒரே காலைக்குள் நடுங்கவும் செய்வீர்கள், வேர்க்கவும் செய்வீர்கள். தடித்த ஒரே ஜாக்கெட்டைவிட மெல்லிய உடுப்பு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுவது நல்லது. புல்வெளியில் நிழல் கிடையாது. குளிருகிறதே என்று தொப்பியை விட்டுவிட்டால் மத்தியானம் மூக்கு உரிந்துபோகும். மழைக்கோட்டு எந்த மாதமானாலும் வேண்டும்.

செருப்பு வேண்டாம். பாதையில் கூழாங்கல், வேர், மழை அரித்த பள்ளம் எல்லாம் உண்டு. பழகிய சப்பாத்து போதும், புதிதாக வாங்கியதை இந்த நடைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள்.

சாப்பாட்டை வாழையிலையிலோ கடதாசியிலோ கட்டுங்கள். நடை தொடங்கும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பை, பிஸ்கட் உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். சிலர் அங்கே நின்று சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். பொலித்தீனைத் தின்று இங்கே மரை எனும் மான்கள் செத்திருக்கின்றன, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. வீட்டிலிருந்தே எஃகுப் போத்தலில் தண்ணீர் எடுத்துப் போனால் வரிசையும் மிச்சம், வாக்குவாதமும் மிச்சம். ஃபார் இன்னைத் தாண்டினால் கடையோ கழிப்பறையோ கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நுழைவுக் கட்டணம் உள்ளூராருக்குச் சொற்பம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. அதன்மேல் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி என்று சேரும். பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையும் போதிய காசும் கையில் இருக்கட்டும்.

நான்காம் படி: வாசலிலிருந்து ஃபார் இன் வரை

ஆறு மணிக்கு வாசல் திறக்கும். டிக்கெட் வாங்கியதும் உடனே நடைக்கு ஓடத்தான் மனம் வரும். ஆனால் பட்டிப்பொல பக்கமிருந்து வந்தால் பாதையோரத்தில் 'அரெங்கா குளம்' என்ற சின்னக் குட்டை ஒன்று இருக்கிறது. இலங்கையில் மட்டுமே இருக்கும் சீழ்க்கைப் பூங்குருவியைத் தேடிப் பறவைப் பிரியர்கள் தவம் கிடக்கும் இடம் அது. பெரும்பாலும் விடியும் வேளையிலும் அந்தியிலும்தான் வெளியே வந்து, கூரிய குரலில் ஒரு சீழ்க்கை அடித்துவிட்டுப் புதருக்குள் போய்விடும். பறவைதான் உங்களுக்கு முக்கியம் என்றால் உலக முடிவை மறந்துவிட்டு இங்கேயே நில்லுங்கள். இரண்டையும் ஒரே காலையில் பிடிக்க நினைத்து இரண்டையும் விட்டவன் நான்.

ஃபார் இன் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களின் வேட்டை விடுதி. இப்போது பார்வையாளர் நிலையம். வண்டி நிறுத்துமிடத்திலேயே ஆள் உயரத்துக்கு மரை நிற்கும். தமிழ்நாட்டில் கடமான் என்பதைத்தான் இங்கே மரை என்கிறோம். கொம்போடு கிட்டே வந்து பையை மோப்பம் பிடிக்கும். பழகிய பிராணிபோல் தெரிந்தாலும் அது காட்டு விலங்கு. தீனி கொடுப்பது தடை, கொடுக்கவும் கூடாது. அவற்றைத் தின்ன வரும் சிறுத்தையும் இந்தப் பூங்காவில் இருக்கிறது, பகலில் சுற்றுலாப் பாதையில் கண்ணில் படுவது அபூர்வம். யானை ஒரு காலத்தில் இருந்தது. வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள்.

ஐந்தாம் படி: வட்டப் பாதையை எந்தப் பக்கம் சுற்றுவது

இதுதான் முக்கியமான முடிவு. மொத்தம் ஒன்பதரைக் கிலோமீட்டர் வட்டம், நிதானமாக நடந்தால் மூன்றரை முதல் நாலு மணி நேரம். புல்வெளியில் கொஞ்ச தூரம் போனதும் பாதை பிரியும். இடப்பக்கம் போனால் முதலில் சின்ன உலக முடிவு, அப்புறம் பெரியது, கடைசியில் பேக்கர் அருவி. வலப்பக்கம் போனால் எல்லாம் தலைகீழ்.

இடப்பக்கம் போங்கள். காரணம் எளிது. மேட்டுநிலத்தின் தெற்கு ஓரம் செங்குத்தாக அறுத்துவிட்டதுபோல் முடிகிறது. வெயில் ஏற ஏறக் கீழ்நாட்டின் ஈரக்காற்று சூடாகி அந்தப் பாறைச் சுவரை ஒட்டி மேலே வரும். மேலே குளிர்ந்து முகிலாகும். ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு விளிம்பு மூடிக்கொள்வது இதனால்தான். அருவி எங்கும் போய்விடாது, மூடுபனியிலும் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

முதல் ஒரு கிலோமீட்டர் திறந்த புல்வெளி. காலை வெளிச்சம் சாய்வாக விழும்போது புல் நுனியெல்லாம் பனித்துளி. பிறகு பாதை காட்டுக்குள் நுழையும். இங்கே தலையைத் தூக்கிப் பாருங்கள். மரங்கள் எல்லாம் குட்டை, முறுக்கிக்கொண்ட கிளை, மேலே தட்டையான குடை. தொங்கும் பாசி தாடிபோல் இருக்கும். நடுநடுவே சாம்பல் நிறத்தில் நின்றபடியே செத்த மரங்களும் தெரியும். பல பத்தாண்டுகளாக இந்தக் காட்டில் மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. மண், வறட்சி, காற்று மாசு என்று பல காரணங்கள் சொல்கிறார்கள்.

அடிக்காட்டில் நெலு என்ற செடி நெருக்கமாக வளர்ந்திருக்கும். நம் குறிஞ்சியின் உறவுக்காரன்தான். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துவிட்டுச் செத்துப்போகும். 2013இல் பூத்தபோது காடு முழுக்க ஊதாவும் வெள்ளையுமாக இருந்தது. மரப்பட்டையில் மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று அசையாமல் ஒட்டியிருக்கும். இலங்கையின் மலைநாட்டைவிட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத இனம். தேடினால் கிடைக்காது, சும்மா நின்றால் கண்ணில் படும்.

சின்ன உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 270 மீட்டர். கூட்டம் குறைவு, பாறையில் உட்கார்ந்து காலைச் சாப்பாட்டை முடிக்க நல்ல இடம். அதிக நேரம் உட்கார வேண்டாம், மணியைப் பாருங்கள்.

அங்கிருந்து விளிம்பை ஒட்டிய காட்டுப்பாதையில் ஏறி இறங்கினால் உலக முடிவு. ஏறத்தாழ 880 மீட்டர் செங்குத்துச் சரிவு. நேர் கீழே நொன்பரைல் தேயிலைத் தோட்டத்தின் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தீப்பெட்டி அடுக்கியதுபோல் தெரியும். காற்று நம் பக்கம் அடித்தால் அங்கே நாய் குரைப்பதுகூட மேலே கேட்கும். அதற்கு அப்பால் மலைமலையாக இறங்கிப் போய், உடவளவை நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டாக மின்னும். மிகத் தெளிந்த நாளில் தென்கடல் வரை தெரியும் என்பார்கள். எனக்கு ஒரே ஒரு தடவை ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது. கடல்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்தவர் தவறி விழுந்துவிட்டார். கீழே ஒரு மரத்தில் சிக்கி உயிர் பிழைத்தார், இராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். எல்லாருக்கும் அப்படி மரம் கிடைப்பதில்லை. படம் எடுக்கிறவர் நின்றபடி எடுக்கட்டும், கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரு அடிகூட நகர வேண்டாம். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூடியிருந்தால்? பத்து நிமிடம், இருபது நிமிடம் காத்திருங்கள். மூடுபனி திரைச்சீலை மாதிரி, சட்டென்று விலகி மறுபடி மூடும்.

ஆறாம் படி: திரும்பும் வழி, பேக்கர் அருவி

இனி அவசரமே இல்லை. உலக முடிவிலிருந்து அருவிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். முக்கியப் பாதையிலிருந்து படிகளில் கீழே இறங்க வேண்டும். படி வழுக்கும், ஏறிவரும்போது மூச்சு வாங்கும். பெலிஹுல் ஓயா என்ற ஆறு இருபது மீட்டர் உயரத்திலிருந்து பரந்து விழுகிறது. சுற்றிலும் மரப் பெரணி, புதர். உயரத்தைக் கேட்டு "இவ்வளவுதானா" என்று நினைக்காதீர்கள், சத்தம் நெஞ்சில் இடிக்கும். குளிக்க அனுமதி இல்லை. இங்கே மூழ்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள், தண்ணீரின் குளிரே கையையும் காலையும் கட்டிப்போடும்.

பெயர் சாமுவேல் பேக்கரைக் குறிக்கிறது. 1848இல் நுவரெலியாவில் ஆங்கிலக் கிராமம் ஒன்றை உண்டாக்க வந்தவர், பிற்பாடு ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரிக்குப் போய்ப் பேர் வாங்கியவர். இந்தச் சமவெளியில் நாய்களை ஏவி மரை வேட்டை ஆடுவது அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு. அவர் பெயரில் அருவி இருக்கிறது, அவர் துரத்திய மரையின் வம்சம் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று இட்டலிப் பொட்டலத்தை மோப்பம் பிடிக்கிறது.

அருவியிலிருந்து ஃபார் இன் திரும்பும் வழியில் சிம்னி குளம் வரும். ஓடை ஓரங்களில் குட்டை மூங்கில், தண்ணீருக்குள் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீன். இந்தக் கடைசிப் பகுதி வெயிலில் திறந்த நடை, தண்ணீரை இதற்கென்று கொஞ்சம் மிச்சம் வைத்திருங்கள். மஞ்சள் பூவோடு முள்புதர் தெரிந்தால் அழகாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். ஐரோப்பாவிலிருந்து வந்து புல்வெளியைத் தின்னும் கோர்ஸ் செடி அது, அதைப் பிடுங்குவதே இங்கே ஒரு வேலையாக நடக்கிறது.

ஏழாம் படி: இன்னொரு நாள் இருந்தால்

ஒன்பதரைக் கிலோமீட்டரை முடித்துவிட்டு எல்லாரும் வான் ஏறிவிடுகிறார்கள். பூங்காவின் மீதிப் பகுதி ஆளரவமில்லாமல் கிடக்கிறது.

நல்ல நடைக்காரர்களுக்குக் கிரிகல்பொத்த. உயரம் 2,389 மீட்டர், இலங்கையின் இரண்டாவது பெரிய மலை. முதலாவதான பீதுறுதாலகால உச்சியில் இராணுவ முகாம் இருப்பதால், நடந்தே ஏறக்கூடிய சிகரங்களில் இதுதான் மிக உயரம். ஃபார் இன் அருகிலிருந்து ஒரு வழிக்கு ஏழு கிலோமீட்டர். முதலில் சதுப்பான புல்வெளி, பிறகு அடர்ந்த காடு, கடைசியில் பாறை. ஏறத்தாழ நாள் முழுக்கப் பிடிக்கும். பாதை சில இடத்தில் மறைந்துவிடும், மூடுபனி இறங்கினால் திசையே குழம்பும். அலுவலகத்தில் சொல்லிவிட்டு, வழிகாட்டி ஒருவரோடு, விடிந்ததும் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள்.

அரை நாள் மட்டும் இருந்தால் தொட்டுபொல மலை. 2,357 மீட்டர், மூன்றாவது பெரியது, ஆனால் பட்டிப்பொல பாதையோரத்திலிருந்தே ஏற்றம் தொடங்குவதால் ஏறி இறங்க இரண்டு மணி நேரம் போதும். 'தொட்டுபொல' என்றால் சிங்களத்தில் துறை. இராவணனின் புட்பக விமானம் இறங்கிய துறை இது என்று ஒரு கதை உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கினால், விமானத்தில் வந்தவனைக் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

பூங்காவுக்கு வெளியே, ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் கீழே இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. இறங்கிப் போனால் 263 மீட்டர் உயரமுள்ள பம்பரகந்த அருவி, நாட்டிலேயே மிக உயரமானது. டிக்கெட் இல்லாமல் கிட்டத்தட்ட அதே விளிம்பை, அதே பள்ளத்தைப் பார்க்கலாம். பாதை மோசம், முழங்கால் கெஞ்சும்.

எட்டாம் படி: இறங்கும்போது

பகல் பன்னிரண்டுக்குள் பூங்காவிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். பிள்ளைகள் இருந்தால் அம்பேவெல பால்பண்ணையில் வண்டியை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்துங்கள். எனக்குப் பிடித்தது வேறு. மழைக்காலத்தில் மண்சரிவால் மலைநாட்டு ரயில் பாதை அடிக்கடி அடைபடும், அதனால் ரயில் ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடினால் வான்காரரை ஒஹியவுக்கு அனுப்பிவிட்டு, பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளுங்கள். இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ஸ்டேஷன் அது, 1,891 மீட்டர். பதுளைப் பக்கம் போகும் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் ஒஹிய, டிக்கெட் விலை ஒரு தேத்தண்ணிக் காசு மாதிரி. இடையில் பாதையின் உச்சிப் புள்ளியைத் தாண்டி ஒரு சுரங்கத்துக்குள் ரயில் நுழையும். மத்திய மாகாணத்தில் நுழைந்து ஊவாவில் வெளிவரும். பல நாட்களில் இந்தப் பக்கம் மழையும் மூடுபனியுமாக இருக்கும், அந்தப் பக்கம் பளீரென்று வெயில் அடிக்கும். கதவோரம் நிற்கிறவர்கள் சுரங்கத்துக்குள் தலையை வெளியே நீட்டாமல் இருந்தால் போதும். ஒஹியவில் இறங்கியதும் சூடாக ரொட்டியும் கட்டைச் சம்பலும் கேளுங்கள்.